பாய்மரத்தடி முறை

சிவனாண்டிக்கு இடுப்பு வலி காலையில் எழுந்ததும் வராது. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றும்போதும் வராது. வெயில் ஏறி, உடம்பு சூடாகி, இன்றைக்குத் தப்பிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் பின்னிடுப்பில் ஒரு ஆணி இறங்கும். இறங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க அது சொல்லுகிறபடிதான் நடக்க வேண்டும்.

போன மாசியிலும் அப்படித்தான் இறங்கியது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகிற தோணிக்குச் சிமெண்ட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோணியை ஓட்டிப்போகிற தண்டல், மணப்பாட்டுக்காரர் விக்டர். அன்றைக்குத் தோணியின் பள்ளத்துக்குள், பாய்மரத்தடியில் இடது பக்கம் நிற்க வேண்டியவன் சிவனாண்டி. மேலிருந்து வின்ச் இறக்குகிற வலையைப் பிடித்து, மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுத்து அடுக்குகிற இடம் அது. அவனோடு சுமை ஏற்றுகிற கூட்டத்து ஆள் முப்பிடாதி மேலே கரையில் வலை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னலே, புள்ளத்தாச்சி மாதிரி இடுப்பப் புடிச்சிக்கிட்டு நிக்க? மேல வா. நான் இறங்குதேன்."

"அப்ப ஒனக்கு நான் ஒரு முறை பாக்கி."

"பாக்கிதான். எங்க போயிரப் போறேன்?"

முப்பிடாதி இறங்கினான். உச்சி வேளைக் கஞ்சிக்குக்கூட நேரம் ஆகவில்லை. வலையின் ஒரு பக்கம் அறுந்து மூட்டைகள் சரிந்தன. முப்பிடாதிக்கு இடது இடுப்பும் தாடையும் போயின. சத்தம் போடவில்லை. தூசிக்குள்ளே கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்து, சாயங்காலம் செத்துப்போனான்.

தோணியில் சுமை ஏற்றுகிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவனுக்காக இன்னொருவன் நின்றால், கடன்பட்டவன் பதிலுக்கு அதே இடத்தில் ஒரு முறை நின்றுதான் அதைத் தீர்க்க வேண்டும். காசு கொடுத்தோ குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தோ கழிக்க முடியாது. நின்றவன் செத்துப்போனாலும் விடாது. அவன் கொக்கியை வீட்டிலிருந்து வாங்கிவந்து, அவன் பெயருக்கு, முதல் தெவசத்துக்குள் நின்றுவிட வேண்டும். அதுவரைக்கும் அந்த இடத்தில் கடன்பட்டவனைத் தவிர வேறு யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

ஆகவே பாய்மரத்தடி காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் எட்டி எட்டி இழுத்து அடுக்கினார்கள். அவர்கள் இடுப்பும் இடுப்புதானே. யாரும் சிவனாண்டியை ஏசவில்லை. டீக்கடை பெஞ்சில் அவனுக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தெவசம் கழிந்தும் இறங்கவில்லையென்றால் கூட்டத்தில் அவனுக்கு வேலை கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் தேவையில்லை.

சிவனாண்டி ஏணி வரைக்கும் போவான். ஒரு படி, இரண்டு படி இறங்குவான். பாய்மரத்தடி கண்ணில் பட்டதும் கால் நின்றுவிடும்.

கார்த்திகையில் தோணி மாலத்தீவிலிருந்து வெறுந்தோணியாகத் திரும்பி வந்தது. பள்ளத்தை மூடியிருந்த தார்ப்பாயைக் கழற்றிவிட்டுக் கூட்டிப் பெருக்க இறங்கினவர்கள் போன வேகத்தில் ஏறி வந்தார்கள்.

"பாய்மரத்தடியில ஒரு பூனை கெடக்கு."

"செத்துட்டா?"

"சாகல. பாக்குது."

சிவனாண்டி விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். சாம்பல் நிறப் பூனை. பின்பாதி ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தது. தாடை தொங்கியது. கத்தவில்லை. தலையை நிமிர்த்தி நேராக அவனைப் பார்த்தது.

"நம்ம தோணியில பூனையே கிடையாது" என்றார் விக்டர். "நெருக்கமா தார்ப்பா கட்டித்தான் வந்தோம். எப்படி ஏறிச்சின்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

"யாராவது எடுத்துட்டு வாங்களேம்ல" என்றது கரையில் ஒரு குரல்.

யாரும் அசையவில்லை. அது கிடந்த இடம் அப்படி. அங்கே கால் வைக்கக்கூடியவன் சிவனாண்டி ஒருத்தன்தான். அவனோ விளிம்பிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் வின்ச்காரன் ஒரு காரியம் செய்தான். வெறும் வலையில் ஒரு சாக்கைப் போட்டு, பாய்மரத்தடிக்கு இரண்டு முழம் தள்ளிப் பள்ளத்தில் இறக்கினான். எதற்கு இறக்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பூனை வலையைப் பார்த்தது. முன்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியைச் சாக்கு மாதிரி இழுத்துக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து வந்து, வலைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

வின்ச் கிறீச்சிட்டு மேலே தூக்கியது. சாக்கோடு அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் சிவனாண்டி.

கால்நடை டாக்டர் கிருஷ்ணவேணி ஸ்ரீவைகுண்டத்துக்காரர். மீன்வாடை அடிக்கிற ஆளையும் முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்லுவார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இடது இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தாடை நடுவில் பிளந்திருந்தது.

"மேல இருந்து கனமா ஏதோ விழுந்திருக்கு. வண்டி அடிச்சா இப்படி இருக்காது. மூட்டை மாதிரி ஏதாவது."

"தோணி காலியா வந்ததும்மா. ஒண்ணும் விழல."

"எக்ஸ்ரேயில இருக்கறதத்தான் நான் சொல்றேன்." முதுகு முடியை விரலால் நெருடினார். முடி கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. "இது என்ன, சிமெண்டா?"

மாசிக்குப் பிறகு அந்தத் தோணியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் போயிருந்தன. துறைமுகத்தில் சிமெண்ட் படாத இடம் எது, எங்கேயாவது புரண்டிருக்கும் என்று சிவனாண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பூனை மாலத்தீவிலிருந்தல்லவா வந்தது என்பதும் உடனே அவனுக்கே நினைவு வந்தது.

டாக்டர் தாடைக்குக் கம்பி போட்டார். இடுப்புக்கு மருந்து ஓய்வுதான், கூண்டைவிட்டு வெளியே விடக்கூடாது என்றார். அதுவாக மூத்திரம் போகாது, அடிவயிற்றைப் பிடித்து அமுக்கி எடுத்துவிட வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று உருண்டது.

மாப்பிள்ளையூரணியில் அவன் வீட்டுப் பின்கட்டில், தக்காளி டிரேயைக் கவிழ்த்துக் கோழிவலை அடித்துக் கூண்டு தயாரானது. அவன் மனைவி சீனித்தாய் காரல்மீனை அவித்து, முள்ளை வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாயோரமாக விட்டாள். விட்டுக்கொண்டே ஏசினாள்.

"கட்டுன பொண்டாட்டி காய்ச்சல்ல கெடந்தா ஒரு சுக்குவெந்நி போடத் தெரியாது. பூனைக்கு மூத்திரம் பிழிஞ்சி விடத் தெரியுது. ஊருல போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாவளா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். வாய மூடிட்டு ஊத்து."

"நான் வாய மூடினா இது வாயத் தொறக்க மாட்டேங்குதே."

கம்பி போட்ட வாயில் புண் வைத்தது. புழு வந்தது, அதை எடுத்தார்கள். சிமெண்ட் கட்டிகளைக் கத்தரியால் நறுக்கினார்கள். ஒவ்வொரு கட்டியும் தரையில் விழும்போது டக் என்று சத்தம் கேட்டது. இவ்வளவுக்கும் பூனை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இருக்கிற வலிக்குக் கடித்துக் குதறியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்றை முதலில் கவனித்தவள் சீனித்தாய். உச்சிக்குச் சற்று முன்னால், வெயில் கூண்டுமேல் விழுகிற நேரத்தில், பூனை தலையைத் தூக்கும். மேலே வெற்று வானத்தில் எதையோ பார்க்கும். அது இறங்கி வருகிற மாதிரி கண்ணும் மெதுவாக இறங்கும். பாதிக்கு வந்ததும் காதை மடக்கித் தலையைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து எதுவும் நடக்காத மாதிரி நக்க ஆரம்பிக்கும்.

"கழுகு ஏதும் பாக்குதோ?" என்றாள்.

"கழுகா இருக்கும்" என்றான். கழுகு நேராகக் கீழே இறங்காது என்று அவனுக்குத் தெரியும். வின்ச் கயிற்றில் தொங்குகிற சுமைதான் அந்த வேகத்தில், அப்படி லேசாக ஆடிக்கொண்டு இறங்கும். பூனையின் தலையும் லேசாக ஆடியது.

மார்கழிக் கடைசியில் மூத்திரம் தானாகப் போனது. சீனித்தாய் தெருவுக்கே கேட்கிறமாதிரி, "ஏங்க, உங்க மகன் தனியா ஒண்ணுக்குப் போயிட்டான்" என்று கத்தினாள். தை பிறந்ததும் கம்பியை எடுத்தார்கள். பூனை எழுந்து நடந்தது. இடது காலை வீசி வீசி நடந்தது. உடம்பில் முடி வளர்ந்து சதை பிடித்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் பிழைக்கும்னு நெனைக்கல. உங்க கை நல்ல கை" என்றார். சிவனாண்டிக்கு வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்று புகுந்தது. ஒரு உயிரைத் தூக்கி நிறுத்தியாகிவிட்டது, இதை வைத்துக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்றுகூட நினைத்தான்.

மறு வாரம் முப்பிடாதியின் மனைவி அருணாசலவடிவு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. பின்கட்டில் அவள் நின்றதும் பூனை காலை வீசிக்கொண்டு நேராக அவளிடம் போய், தாடையை அவள் பாதத்தின்மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. வைத்தியம் பார்த்த இரண்டுபேர் மடியிலும் அது ஒரு நாளும் அப்படிப் படுத்ததில்லை.

வடிவு குனிந்து அதன் கண்ணைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில அவுக இப்படித்தாம்ணே பாத்துக்கிட்டு இருந்தாவ."

பையிலிருந்து கொக்கியை எடுத்தாள். மரப்பிடியில் முப்பிடாதியின் கை பட்ட இடம் கருத்துப் பளபளத்தது.

"மாசி வருதுல்லா. கூட்டத்துல கேட்டு விட்டாவ. நான் ஒண்ணும் உங்கள நெருக்க வரல. அவுக கொடுத்தத திருப்பி வாங்குத ஆளு இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் வடிவு. ஆனா நான் நின்னுருதேன்."

"இந்தப் பூனைய எனக்குத் தாங்கண்ணே. வீட்டுல வெறிச்சின்னு இருக்கு."

கொடுத்து அனுப்பினான். அவள் வீடு துறைமுகத்துக்குப் பின் தெருவில். மறுநாள் உச்சிக்கு முன்னால் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவன், தன் தலை தானாக மேலே நிமிர்வதை உணர்ந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

தெவசத்துக்கு முந்தின வாரம் விக்டரின் தோணி கரைக்கு வந்து நின்றது. ஏற்ற வேண்டியது சிமெண்ட். அதை முடித்துக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே புறப்படுகிறது. திரும்பி வரும்போது தெவசம் போயிருக்கும்.

சிவனாண்டி முப்பிடாதியின் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். ஒரு படி. இரண்டு படி. கால் நின்றது. மூன்றாவது படியில் பிடி வழுக்கியது. நான்காவது படிக்குப் பிறகு எண்ணவில்லை. கால் பலகையில் பட்டதும் கண்ணைத் திறந்தான்.

பாய்மரத்தடியில், இடது பக்கம், பூனை உட்கார்ந்திருந்தது.

"ஏ, வடிவு பூனை உள்ள எறங்கிக் கெடக்குடே" என்று மேலே ஒருவன் சிரித்தான். பின்தெருப் பூனை துறைமுகத்துக்கு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செங்குத்து ஏணியில் அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி இறங்கியது என்று அவன் யோசித்திருக்கமாட்டான்.

"தள்ளு" என்றான் சிவனாண்டி. "தள்ளிப் போ. நான் நிக்கணும்."

கிட்டப் போனான். பூனை காதை மடக்கியது. அத்தனை நாளும் கத்தாத பூனை வாயைத் திறந்து கத்தியது. ஒட்டின தாடையில் அந்தச் சத்தம் ஒரு பக்கமாகத்தான் வந்தது. பூனைச் சத்தமாகவே இல்லை. சிவனாண்டி இரண்டு எட்டு பின்னால் வந்தான். கொக்கிப் பிடியால் லேசாக இடித்துப் பார்த்தான். கல்லை இடித்த மாதிரி இருந்தது.

"வலை வருதுலே!" மேலிருந்து குரல்.

பூனை தலையைத் தூக்கியது. மெதுவாக ஆடிக்கொண்டு வலை இறங்க இறங்க அதன் கண்ணும் இறங்கியது. சிவனாண்டி வலையை எட்டிப் பிடித்து வலது பக்கம் இழுத்துக்கொண்டான். வேறென்ன செய்ய? சுமை தலைக்குமேல் வந்தபிறகு நின்று வாதாட முடியாது. இறக்கினான், அடுக்கினான். அடுத்த வலை வந்தது. பூனை நகரவில்லை. அவன் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் காதை மடக்கியது. வேலை முடிகிறவரை அப்படியே. ஒரு கயிறும் அறுபடவில்லை. ஒரு மூட்டையும் விழவில்லை. அவன் இடுப்பும் அன்றைக்கு வலிக்கவில்லை. அதுதான் அவனை ரொம்பப் பயமுறுத்தியது.

மேலே ஏறி வந்து விக்டரிடம் கேட்டான். "முடிஞ்சிட்டுல்லா தண்டல்? நான் எறங்கிட்டம்லா?"

விக்டர் பள்ளத்தைப் பார்த்தார். அடுக்கின மூட்டைகளுக்கு நடுவில், பாய்மரத்தடியில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பூனை அதில் சுருண்டு கிடந்தது.

"எறங்குனே. நான் இல்லங்கல. ஆனா அங்கன நின்னது நீயால?"

கூட்டத்து ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள். வடிவுக்காகப் பூனையை மேலே கொண்டுவர ஒருவரும் இறங்கவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். தோணி வெளித்துறைமுகச் சுவரைத் தாண்டுகிறவரை சிவனாண்டி கரையில் நின்றான். கொக்கி இன்னும் அவன் இடுப்பில் இருந்தது. அதை வடிவிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. தீர்த்தவன்தான் கொடுக்கலாம்.

முப்பிடாதிக்குச் சிவனாண்டி தரவேண்டியது ஒரு முறை. பாய்மரத்தடியில், இடது பக்கம். அது இன்னும் பாக்கி.