நம்ம பையன்தான், உள்ள விடு

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் உட்புறத்தையும் அந்தந்த வீட்டுக் கணினிதான் வரைகிறது. வாசற்படிக்கு வெளியே உள்ளதை நகராட்சி வரைகிறது. அதனால் தெருமுனைச் சாக்கடைப் பாலம் பாதிவரைதான் இருக்கிறது. மீதியைத் தாண்டிக்கொள்வோம்.

மற்றவர்கள் கடையில் செய்த கணினியாக வாங்கினார்கள். நான் மட்டும் சொந்தமாகக் கட்டினேன். மதர்போர்டு ஓர் ஊரில், மின்விசிறி ஓர் ஊரில் என்று பொறுக்கி எடுத்து, என் மனைவி மாரீஸ்வரி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பொருத்தினேன். "கடையில வாங்கினா கடைக்காரன் வாரண்டி தருவான். நீங்க கட்டினா யாரு தருவா?" என்று அவள் கேட்டாள். ஆனாலும் வீடு குறையில்லாமல்தான் தெரிந்துகொண்டிருந்தது.

வளைகாப்பு முடிந்து அவள் கோவில்பட்டிக்குத் தாய்வீடு போன வாரம், கணினியில் இருந்த கிராபிக்ஸ் கார்டு தீய்ந்துபோனது. கார்டு இல்லாத கணினி, வீட்டைப் பதினாறே நிறங்களில், பெரிய பெரிய சதுரங்களாக வரையும். எங்கள் வீட்டில் பீரோவும் ஃபிரிட்ஜும் ஒரே சாம்பல் கட்டமாகிவிட்டன. ஒருநாள் சட்டை என்று நினைத்துத் தலையணை உறையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். வாசற்படி தாண்டி, நகராட்சி என்னை வரைந்த பிறகுதான் விஷயம் தெரிந்து திரும்பினேன்.

கண்ணாடியில் என் முகம் மூன்று சதுர அகலம், நான்கு சதுர உயரம். என் அழகுக்கு அது தாராளம். ஆனால் பிள்ளை பிறந்து இந்த வீட்டுக்குத்தான் வரும். கைக்குழந்தையின் முகத்துக்கு ஒரே ஒரு சதுரம்தான் தேறும். அதற்குள் கண்ணை எங்கே வைப்பது, மூக்கை எங்கே வைப்பது?

மாரீஸ்வரி போனில் பேசினாள்.

"அங்க பிள்ள மூஞ்சி தெரியாதுன்னா நான் வரமாட்டேன். எங்கம்மா வீட்டுல மூக்கு நுனி வரைக்கும் தெரியுது. சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் ஒரே பெண், கூடப்பிறந்தவன் யாரும் கிடையாது. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லையே என்று என் மாமியாருக்கு ஏற்கெனவே ஒரு குறை. முகமும் இல்லையென்றால் அத்தை எப்படித் தாங்குவார்?

மதுரையில் பழைய பாகங்கள் விற்கும் ஹபீப் பாயிடம் போனேன். என் போர்டு ஏற்றுக்கொள்ளும் கார்டு எதுவும் அவரிடம் இல்லை. ஒரு கார்டை மட்டும் துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"இது ஒரு கல்யாண மண்டபத்த வரைஞ்சுக்கிட்டிருந்த கார்டு தம்பி. மண்டபத்த இடிச்சிட்டாங்க. கம்பெனிக்காரனும் கைவிட்டுட்டான். உங்க போர்டு இதச் சேர்த்துக்காது. ஆனா குணம் தங்கமான குணம்."

சேர்த்துக்கொள்ளாததைச் சேர்க்க வைப்பதுதானே சொந்தமாகக் கட்டுகிறவனின் வேலை என்று எடுத்துவந்தேன். பொருத்தியதும் கணினி கருப்புத் திரையில் ஒரே சொல்லைக் கேட்டது: 'யார்?'

போர்டுக்குப் பழக்கமான ஒரு கார்டின் பெயரைச் சொன்னேன். 'இல்லை' என்றது. இன்னொரு பெயரைச் சொன்னேன். அதற்கும் இல்லை. பொய்ப் பெயரில் கூப்பிட்டதற்குக் கார்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் சின்ன விசிறி மட்டும், பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளி மாதிரி, ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. மூன்றாவதாகவும் ஒரு பெயரைச் சொன்னேன். 'உங்கள் பேச்சை இனி எடுத்துக்கொள்வதாக இல்லை' என்று எழுதிவிட்டு, கணினி மறுபடியும் 'யார்?' என்றது.

அப்போது எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா உறைமோர் வாங்க வந்தார். அவரும் உள்ளே நுழைந்ததும் சதுரமானார். திரையைப் பார்த்தார். எங்கள் தெருவில் யாரைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதைச் சொன்னார்.

"நம்ம பையன்தான், உள்ள விடு."

வீடு வந்துவிட்டது. முதலில் கதவு, பிறகு சுவர், பிறகு ஜெயக்கொடி அக்காவின் மூக்குத்தி. கார்டு பழைய வழக்கத்தில் நிலைப்படியின் இருபுறமும் குலையோடு வாழைமரம் வைத்திருந்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை. அக்கா கிண்ணத்தை நீட்டினார், நான் உறைமோர் ஊற்றினேன்.

இரண்டு குறைகள் இருந்தன. கரண்ட் போய்வந்தால் கணினி மறுபடி 'யார்?' என்று கேட்கும். நான் எதிர்வீட்டுக்கு ஓடுவேன். அக்கா ஈரக்கையோடு வந்து "நம்ம பையன்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். இன்னொன்று, வீட்டுக்குள் எப்போதும் ஒரு கருப்புப் பொட்டு அலைந்துகொண்டிருந்தது. மிளகு அளவுதான் இருக்கும். காலையில் காலண்டரில் இருக்கும், மதியம் என் சோற்றில் இருக்கும். நானும் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கார்டை அதற்குமேல் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால் வீட்டுக்கு அழைத்துவருவதாகச் சொன்னார்கள். அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கவும் கரண்ட் போனது. வாசலுக்கு வரவும் கரண்ட் வந்தது. வீடு சதுரம் சதுரமாகி, கணினி 'யார்?' என்றது. ஜெயக்கொடி அக்கா வீடு பூட்டியிருந்தது. தங்கை பேரனுக்கு மொட்டை என்று திருச்செந்தூர் போயிருந்தார்.

மாரீஸ்வரி பிள்ளையோடு படிக்கு வெளியே நின்றுவிட்டாள். பக்கத்தில் அத்தை ஆலத்தட்டோடு நின்றார்.

"என்னங்க, அங்க நிக்கிறது நீங்களா, பீரோவா?"

"நாந்தான். ஜெயக்கொடி அக்கா வந்து சொன்னாத்தான் கேக்கும்."

"நீங்க சொல்லுங்க."

சொன்னேன். கணினி என் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. அத்தையைச் சொல்லச் சொன்னேன்.

"தெரியாத ஆளுக்கு நான் எப்படி மாப்ள சாட்சி சொல்றது?" என்றார் அத்தை. நியாயம்தான். பிள்ளை கொட்டாவி விட்டது. அதுவரை நகராட்சி வரைந்த முகத்தைத்தான் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் இந்தப் படியைத் தாண்டினால் ஒற்றைச் சதுரமாகிவிடும். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் இல்லாதப்ப அது என்ன செஞ்சிச்சு?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

வாழைமரம் வைத்ததைச் சொன்னேன். நான் சாப்பிடாமல் படுத்தால் தரையில் இலை விரித்து, ஓரத்தில் உப்பும் வைத்துவிடும் என்றேன். பிள்ளை பிறந்த சேதி வந்த அன்று சுவரெல்லாம் சந்தனம் தெளித்தது. யாரும் சொல்லாமலே உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் கட்டி, அதில் கிளி பொம்மைகளைத் தொங்கவிட்டது. ஒரு கிளிக்கு மட்டும் வால் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

மாரீஸ்வரி பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு படிக்கு வெளியே நின்றபடியே டிரங்குப் பெட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"யாருன்னா கேக்குற? எந்தம்பி. இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். உள்ள விடு."

விசிறி ஒரு கணம் நின்று, பிறகு வேகமாகச் சுற்றியது. வாழைமரம் வந்தது, தொட்டில் வந்தது. வாலில்லாத கிளிக்கு அன்று வாலும் வந்தது. அத்தை ஆலம் சுற்றினார். மாரீஸ்வரி வலதுகால் எடுத்து வைத்தாள். நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி திறந்தேன்.

என் மகளுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, உதட்டோரம் கக்கிய பால் இருந்தது. காலண்டரில் இருந்த கருப்புப் பொட்டு மெல்ல இறங்கிவந்து அவள் இடது கன்னத்தில் உட்கார்ந்துகொண்டது. திருஷ்டிப் பொட்டு வைக்க மை தொட்டிருந்த அத்தை, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பொட்டு அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை.

கரண்ட் போய்வந்தாலும் இப்போது கணினி எதுவும் கேட்பதில்லை. மச்சினனை யாராவது தினமும் யாரென்று கேட்பார்களா? காதுகுத்துக்குப் பெட்டியிலிருந்து எடுக்காமலே மச்சினனுக்குப் பட்டுத் துண்டு போர்த்தி, மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். ஜெயக்கொடி அக்கா முன்வரிசையில் இருந்தார். குத்தும்போது பிள்ளை அழுதது, விசிறியும் விக்கியது.

மகன் இல்லை என்ற அத்தையின் குறையும் தீர்ந்தது. அதனால் இன்னொரு பொறுப்பு சேர்ந்துகொண்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். நாலாவது வீட்டுக் கணினியில் ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறதாம். நல்ல குடும்பம், பாட்டு வருமாம். நிறம் கொஞ்சம் பச்சை என்று அத்தை யோசிக்கிறார். மச்சினனிடம் கேட்டோம். வாசலில் இன்னும் இரண்டு வாழைமரம் வைத்தான்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து, இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இருக்கிறது.