ஐஸ் தொட்டியில் நார்ட்டன்

மெர்ல் டீக்ஹாவுஸ் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்த காரியத்தைச் சொன்ன பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மிஸூரி ஆற்றின் தென்கரையில் அவருக்கு ஒரு ஒயின் தோட்டம் இருக்கிறது. ஒன்பது வருடமாக நான் அங்கே கொடி வெட்டுகிறேன், பீப்பாய் கழுவுகிறேன், சனிக்கிழமைகளில் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை என்றால் பஸ்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் கல்யாணம் ஆகப்போகிற ஒருத்தியும் அவளுடைய பத்துத் தோழிகளும் வருவார்கள். அவர்களுக்கு இனிப்பாக வேண்டும், பல் கூசுகிற மாதிரி ஜில்லென்று வேண்டும், பிளாஸ்டிக் டம்ளரில் வேண்டும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் ஓடுகிறது. மறுக்கவில்லை.

ஆனால் தெற்குச் சரிவில் இரண்டு ஏக்கர் நார்ட்டன் நிற்கிறது. அமெரிக்க மண்ணிலேயே பிறந்த திராட்சை. சிறியது, கறுப்பு, தோல் தடிப்பு. மதுவிலக்குக் காலத்தில் இந்தக் கரையில் கொடிகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரோ பிடிவாதமாகத் திரும்ப நட்டது இது. வருடத்துக்கு ஆறு பீப்பாய் எடுக்கிறேன். ஒரு துளி இனிப்பு கிடையாது. பஸ்ஸில் வருகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. அதனால் சரிவை மட்டமாக்கிக் கல்யாணக் கூடாரம் போடுவதென்று மெர்ல் முடிவு செய்தார். புல்டோசருக்கு அடையாளமாகக் கொடிக் கம்பங்களில் ரோஸ் நாடாவும் கட்டியாகிவிட்டது.

"ஒரே ஒரு நல்ல கடை இத வாங்கட்டும் கர்ட், நான் கை வைக்கல. மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன், போதுமா?" என்றார்.

பதினோரு உணவகங்களுக்கு எழுதினேன். செயின்ட் லூயிஸிலிருந்து ஒருத்தி மட்டும் வருவதாகச் சொன்னாள். கொரின் ஏபெல். பெயர் கேள்விப்படாத ஊர்களில் நல்ல ஒயின் தேடிப் பிடிப்பதுதான் அவள் கடையின் பெருமை. டெக்சஸில் பருத்திக் காட்டு நடுவே போய்த் தேடியிருக்கிறாள். ஐடஹோவுக்குப் போயிருக்கிறாள். நியூயார்க் ஏரிக்கரைகளை இரண்டு முறை சுற்றியிருக்கிறாள். சொந்த மாநிலத்துக்கு மட்டும் வந்ததில்லை. அவள் கடையிலிருந்து எங்கள் தோட்டம் ஒன்றரை மணி நேரம்.

அவள் வருகிற காலையில் இரண்டு நார்ட்டன் பாட்டில்களை எடுத்து, துடைத்து, கவுண்டர் மேல் நிறுத்திவிட்டு டிராக்டர் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டில்களைக் காணோம்.

"மெர்ல், பாட்டில் எங்க?"

"ஐஸ்ல போட்டுட்டேன். நீ மறந்து வெளியவே வச்சிட்டுப் போயிட்ட. நல்ல வேளை நான் பாத்தேன்." முகத்தில் அவ்வளவு திருப்தி. "ரெண்டு மணி நேரமாச்சு. நல்லா ஜில்லுனு இருக்கும்."

இருபது வருடமாக அவர் ஊற்றியதெல்லாம் ஐஸ் தொட்டியிலிருந்துதான். நார்ட்டனை அந்தக் குளிரில் குடித்தால் மையில் ஊறிய தோலைச் சப்புவது மாதிரி இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கார் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தபோது அவர் ஊற்றிவிட்டார். அதுவும் பிளாஸ்டிக் டம்ளரில்.

கொரின் ஒரு வாய் வைத்தாள். ருசி பார்க்கிறவர்கள் துப்புகிற வாளியில் துப்பினாள்.

"கொஞ்சம் வெளிய வச்சிருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்லங்க. மிஸூரி மிஸூரிதான், என்ன பண்றது," என்றாள் சிரித்துக்கொண்டே. மரியாதைக்கு இனிப்பில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

மெர்ல் டம்ளரைக் கழுவப் போட்டார். "சரி, பாத்தாச்சு. அவங்களுக்கே பிடிக்கல. இனிமே புலம்பாத."

எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தொட்டிக்குள் உட்கார வைத்திருப்பேன். நிலவறைக்கு ஓடினேன். கண்ணாடிக் குழாயை பீப்பாய்க்குள் விட்டு உறிஞ்சி, பீச் பழம் போட்டு வைக்கிற ஜாடி ஒன்றை நிரப்பி மூடினேன். லாரியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

அவளை நிறுத்தியது நான் இல்லை, சரக்கு ரயில். எங்கள் ஊரில் ஆற்றோரமாகத் தண்டவாளம் போகிறது. நிலக்கரி ரயில் குறுக்கே வந்தால் ஒரு சிகரெட்டை நிதானமாகக் குடித்து முடிக்கலாம். தடுப்புக்கு முன்னால் முதல் காராக அவள் நின்றிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன்.

"நீங்க மறுபடியுமா?"

"திட்டணும்னா குடிச்சிட்டுத் திட்டுங்க. இது பீப்பாயிலேர்ந்து நேரா வந்தது. ஐஸ் படல."

ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். துப்பக் காபிக் கப்பை எடுத்தவள் துப்பவில்லை. இன்னொரு மூடி ஊற்றினாள். வண்டிப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"இதா அது?"

"அதேதான்."

"அப்ப அவரு எனக்கு என்னத்த ஊத்தினாரு?"

"இதையேதான். கொன்னுட்டு ஊத்தினாரு."

சிரித்தாள். "மாசம் பன்னெண்டு பெட்டி எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, போர்டுல ஊர்ப்பேர் வராது. 'எங்கள் சிவப்பு'ன்னு போட்டுக்குவேன். நீங்களும் வெளிய சொல்லிக்கக் கூடாது."

"டெக்சஸ் பேர் போடுறீங்க. ஐடஹோ பேர் போடுறீங்க."

"ஐடஹோன்னா புதுசா இருக்குன்னு கேப்பாங்க. மிஸூரின்னா? என் கஸ்டமர்ல பாதிப் பேரு இருபத்தோரு வயசுல இங்க பஸ்ல வந்து வாந்தி எடுத்தவங்க."

"உங்க கடை இருக்கறதே மிஸூரிலதானே மேடம்!"

"அதனாலதான் சொல்றேன்."

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. தடுப்பு உயர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். எனக்கு அந்த ஜாடியைப் பிடுங்கி வீச வேண்டும் போலிருந்தது. ஆனால் கம்பங்களில் ரோஸ் நாடா கட்டியிருந்தது.

"சரி," என்றேன். அந்த வார்த்தை வாயில் கசந்தது. மெர்ல் மறுநாளே நாடாக்களை அவிழ்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த பெட்டிகளை இறக்கிவிட்டு அவள் கடையிலேயே உட்கார்ந்து ஒரு கிளாஸ் கேட்டேன். நல்ல மெல்லிய கண்ணாடி, சரியான குளிர்ச்சி. சுவரில் கரும்பலகை. டெக்சஸ், ஐடஹோ, வர்ஜீனியா எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. கடைசியில் 'எங்கள் சிவப்பு'. யாருடைய சிவப்பு?

பக்கத்து மேசையில் ஒரு தம்பதி அதையே குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டாள். "இது எங்கத்துது? பிரமாதமா இருக்கே."

"ஓனரம்மா தேடிப் பிடிச்சது மேடம். ஊர் சொல்ல மாட்டாங்க."

"ஐரோப்பாதான்," என்றார் கணவர். "இங்கல்லாம் இப்படி எங்க வரும்?"

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பத்து விநாடி இருந்தேன்.

"மிஸூரி," என்றேன். "இங்கேர்ந்து ஒன்றரை மணி நேரம். நான்தான் செஞ்சேன்."

இருவரும் கிளாஸைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் இன்னொரு வாய் குடித்தாள், நாக்கைப் புரட்டினாள். "இப்பத்தான் தெரியுது. அடியில கொஞ்சம் இனிக்குதுல்ல?"

"ஆமாமா, நானும் நினைச்சேன்," என்றார் அவர்.

ஒரு துளி சர்க்கரை இல்லை அதில். நானே அளந்தவன். எழுந்தேன். கொரின் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன்," என்றாள் மெதுவாக.

"நான் பாத்தேன். நீங்களும் பாருங்க, அந்தம்மா கிளாஸ்ல மிச்சம் இருக்கான்னு."

திரும்பிப் பார்த்தாள். கிளாஸ் காலி. அந்த அம்மாள் இன்னொன்று கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பெட்டி எப்ப வரும்?"

"பேர் போட்டா வரும். போடலன்னா புல்டோசர் வரட்டும். இனிக்குதுன்னு சொல்றவனுக்கு ஊத்தறதுக்கு நான் கொடி வெட்டல."

அவள் என்னை முறைத்தாள். பிறகு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். 'எங்கள் சிவப்பு' என்பதற்குக் கீழே ஒரு மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ எழுதினாள்.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். 'மிஸூரி' என்று இருந்தது. ஐடஹோவின் முதல் எழுத்துக்குள் மொத்தப் பெயரும் அடங்கிவிடும்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பெட்டிகளை லாரியில் ஏற்றினேன். கூடவே ஒரு பெட்டி சாக்கட்டியும், பெரிய சைஸ்.