மயில்மீன் என்ன நிறம்

சல்மாவும் அவள் புருஷன் தவ்ஃபீக்கும் பேச்சை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே சோற்றுப் பானை, நடுவில் பத்தடி தூரம். அதற்காகத் தகவல் போக்குவரத்து நின்றுவிடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழு எதற்கு இருக்கிறது? 'கேஸ் தீரப்போகுது, யாராவது புக் பண்ணவும்' என்று சமையலறையிலிருந்து சல்மா போடுவாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தவ்ஃபீக் பதிலுக்கு ஒரு கட்டை விரலை அனுப்பிவைப்பான். ஷார்ஜாவில் இருக்கும் சல்மாவின் தம்பி, கோலாலம்பூரில் இருக்கும் பெரியம்மா மகள், கீழக்கரை சித்தி ஜுனைதா என்று இருபத்து மூன்று பேர் இந்தச் சண்டையை சீரியல் மாதிரி நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமாதானம் பேச ஒருவரும் வரவில்லை. விறுவிறுப்பாகப் போகிறதை யார் நிறுத்துவார்கள்?

சண்டைக்குக் காரணம் ஒரு மீன். அதுவும் அலுமினிய மீன்.

சல்மா கேக் செய்கிறவள். மண்டபம் ஊரில் யார் வீட்டு நிக்காஹ், யார் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். கேக்கின் மேல் சாயம் தூவுவதற்கு ஷார்ஜா தம்பி ஒரு ஏர்பிரஷ் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பேனா அளவுக்கு ஒரு துப்பாக்கி, டிபன் டப்பா அளவுக்கு ஒரு காற்று மெஷின். தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கூத்தையா அதை ஒருநாள் பார்த்துவிட்டார். கேட், கிரில் வேலை போக மிஞ்சிய அலுமினியத் தகட்டில் அவர் பொழுதுபோக்காக ஒரு நண்டு வெட்டி வைத்திருந்தார். "தங்கச்சி, அந்த ஊதுற பேனாவால இதுக்குக் கொஞ்சம் கலரு அடிச்சுத் தாயேன்" என்றார்.

சல்மா கையில் இருந்ததோ கேக் சாயம். அதையே அடித்தாள். நண்டு பழுத்த ஆரஞ்சு நிறத்தில் அமர்க்களமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தத் தெருவில் உள்ள எறும்பெல்லாம் அதன்மேல் ஊர்வலம் போனது. மறுநாள் பெய்த மழையில் சாயம் மொத்தமும் கரைந்து, கூத்தையாவின் வாசல்தான் ஆரஞ்சாக நின்றது. அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. போனில் தேடித் தேடி, உலோகத்துக்கென்றே உள்ள சாயம், அதன்மேல் அடிக்கிற கிளியர் கோட் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். பெயின்ட் அடித்தால் தகடு மறைந்துபோகும். இந்தச் சாயம் மறைக்காது. கூத்தையா கிரைண்டரால் இழுத்த கீறல் ஒவ்வொன்றும் அடியிலிருந்து மினுங்கும், தலையைச் சாய்த்துப் பார்த்தால் மினுக்கம் இடம் மாறும். அதைக் கண்ட அன்று சல்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேக்கின் தலையெழுத்து வெட்டுப்படுவது. நாலு மணி நேரம் குனிந்து ரோஜாப்பூ வைத்தால், நாலு நிமிஷத்தில் யாரோ ஒரு மாமாவின் வாய்க்குள் போய்விடும். தான் செய்த ஒன்றாவது ஒரு சுவரில் நிலைத்து நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டித்துரை வந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து நிலக்காரர், ராமேஸ்வரத்தில் புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தார். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் ஆறடி நீளத்துக்கு ஒரு மயில்மீன் வேண்டும் என்றார். கூர்மூக்கும், முதுகில் விரித்த விசிறி மாதிரித் துடுப்புமாக இருக்கும் அந்தப் பெரிய மீன்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் சல்மா கரைக்குப் போய், தரையில் கிடந்த ஒரு மயில்மீனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவந்தாள். கரிநீல முதுகு, சாம்பல் வயிறு. அந்தப் படத்தை வைத்துக் கூத்தையா ஆறடி மீனை வெட்டி முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. பிறகு நிறத்தை ஒரு துண்டுத் தகட்டில் அடித்துக் காட்டினாள். "அச்சு அசல்" என்றார் பாண்டித்துரை.

தவ்ஃபீக் விசைப்படகில் டிரைவர். தடைக்காலம் அறுபத்தொரு நாளும் படகு கரையில், ஆள் வீட்டில். வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைக்குக் கருத்துச் சொல்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. எட்டிப் பார்த்தான்.

"ஐஸ் பெட்டில ரெண்டு நாளு கெடந்த மீனாட்டம் இருக்கு" என்றான்.

பாண்டித்துரை வயிறு குலுங்கச் சிரித்தார். சல்மா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பூட்டிய வாய்தான்.

பிடிவாதத்தில் அதே நிறத்தையே ஆறடி மீன் முழுக்க அடித்து முடித்தாள். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில், நாலு செங்கல் அடுக்குமேல் அது படுத்திருந்தது. மறுநாள் விடியலில் கிளியர் கோட் அடிக்கவேண்டும், அதற்கடுத்த நாள் காலை வண்டி வரும். கிளியர் கோட் அடிக்கும்வரை தின்னரில் நனைத்த துணியால் சாயத்தைத் துடைத்துவிடலாம். அடித்துவிட்டால் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும். அடியில் இருப்பது நன்றோ கெட்டதோ, அதுதான் கடைசிவரை.

பகல் சாப்பாடு முடிந்து கொட்டகைக்குப் போனவள் நின்றுவிட்டாள். மீன் செத்துக் கிடந்தது. அலுமினியம் எங்கே உயிரோடு இருந்தது என்று கேட்காதீர்கள். நேற்றுவரை அழகாகத் தெரிந்ததுதான். அந்தப் பாழாய்ப்போன ஒரு வாக்கியம் பதினொரு நாளாகக் காதிலிருந்து மெல்ல இறங்கிக் கண்ணுக்குள் வந்துவிட்டது. அவன் சொன்னது சரி என்று தெரிந்தபோது அவளுக்கு அவன்மேல் கோபம் இரண்டு மடங்காகியது. இது சுவரில் ஏறினால், தான் ஆசைப்பட்டபடி நிலைத்து நிற்கத்தான் போகிறது. பிணமாக நிற்கும்.

உயிரோடு இருக்கிற மயில்மீனை அவள் எங்கே பார்த்தாள்? கடலை ஒட்டியே முப்பத்து நாலு வருஷம் இருந்தும், அவள் பார்த்த மீனெல்லாம் கரைக்கு வந்த மீன். கூகுளில் தேடினாள். ஒன்று ஊதா, ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளி. பார்த்த மனுஷன் ஒருவன்தான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நேரே போய்க் கேட்பதா? ரோஷம் விடுமா? குழுவில் போட்டாள்: 'மயில்மீன் உயிரோட இருக்கும்போது என்ன நிறம்? தெரிஞ்சவங்க சொல்லவும்.'

கேள்வி யாருக்கு என்று இருபத்து மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் உதவிக்கு ஓடிவந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் முப்பது படம். முப்பதும் முப்பது நிறம். சித்தி ஜுனைதா ஒரு நிஜ மயிலின் படத்தை அனுப்பி 'மாஷா அல்லாஹ்' என்று போட்டிருந்தாள். வாசலில் தவ்ஃபீக்கின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அதுல ஒண்ணுகூட இல்ல" என்றான், கொட்டகை வாசலில் வந்து நின்று.

சல்மா கையிலிருந்த துணியை மடித்தாள், விரித்தாள். "அப்ப எதுதான்?" என்றாள் மீனைப் பார்த்து.

"நீலம்."

"நீலம்னா? எங்கிட்ட ஆறு நீலம் இருக்கு மச்சான்."

மச்சான் என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், அவள் திரும்ப எடுக்கவில்லை. ஆறு நீலத்தையும் துண்டுத் தகட்டில் வரிசையாக ஊதிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையை ஆட்டினான். "இல்ல. இது சட்டைத்துணி நீலம். இது பள்ளிக்கூடச் செவுரு." கடைசியில் பொறுமை போய், "இங்கன வா" என்று அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனான். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, குனிந்து தீயின் அடிப்பக்கத்தைக் காட்டினான்.

"இந்த நீலம். உள்ளேயிருந்து எரியணும்."

சல்மா அவனோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள். பத்து வருஷமாகத் தினமும் பார்த்த தீ. நிறத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாத மனுஷன் எவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்று இருந்தது.

கொட்டகைக்கு வந்து நீலத்தில் ஒரு சொட்டுப் பச்சை விட்டாள். நிறைய தின்னர் ஊற்றி நீர்க்க வைத்து, துண்டுத் தகட்டில் ஊதினாள். அடி அலுமினியம் பளீரென்று மேலே வந்தது. "இன்னும்" என்றான். இன்னும் நீர்க்க வைத்தாள். அவன் பேசாமல் நின்றான். அதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒடம்பு முழுக்க எப்பவும் இப்புடியேவா இருக்கும்?"

"எப்பவும் இருக்காது. தூண்டில்ல மாட்டி, படகுக்கிட்ட இழுத்துட்டு வாரப்ப வரும். அதுக்குக் கோவம் வந்தாத்தான் இந்த நெறம். துடுப்ப விரிச்சுக்கிட்டு, ஒடம்புல வரிவரியாப் புள்ளி எரியும். கடலுக்குள்ள கரண்டு விட்ட மாதிரி இருக்கும் சல்மா."

"எம்புட்டு நேரம்?"

"மேல தூக்குற வரைக்கும். பலகைல போட்டா ரெண்டு நிமிசம். அப்பறம் வாலுலேருந்து அணைஞ்சுக்கிட்டே வரும்." தகரச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அத நான் பாத்ததில்ல. மீன ஏத்துனதும், ஐஸ் அள்ளப் போறேன்னு திரும்பிப் போயிருவேன். பொடியனுக சிரிப்பானுக, டிரைவருக்கு என்ன ஐஸ் வேலன்னு."

சல்மா ஏர்பிரஷைக் கீழே வைத்தாள். படகு ஓட்டுகிறவன், கையெல்லாம் காய்த்தவன், ஒரு மீன் அணைவதைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொள்கிறான். இந்த ஆளோடா பத்து வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மச்சான் இதெல்லாம் எங்கிட்டச் சொன்னதே இல்ல?"

"யாரு கேட்டா?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. "வந்ததும் எம்புட்டு மீனு, என்ன வெலைக்குப் போச்சுன்னு கேப்பீக எல்லாரும். அதச் சொல்லிட்டுப் படுத்துருவேன்."

சல்மா தின்னர் டின்னைத் திறந்து துணியை நனைத்து, மூக்கிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பதினொரு நாள் உழைப்பு கறுப்பாகத் துணியில் ஏறியது. அவன் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு வால் பக்கம் போனான். மீன் வெள்ளை அலுமினியமாக நடுவில் கிடக்க, இரண்டு பேரும் துடுப்பில் வந்து சந்தித்தார்கள். பொழுது சாய்வதற்குள் புது நிறம் ஏறிவிட்டது. புள்ளி வரிசையை மட்டும் அவன் விரலால் காட்டக் காட்ட அவள் வைத்தாள்.

விடியலில் காற்று கிளம்புவதற்கு முன்னால் எழுந்தார்கள். மண்ணும் உப்பும் பறந்துவந்து ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று தரையில் தண்ணீர் தெளித்து, கொட்டகையைச் சுற்றி ஈரச் சேலைகளைக் கட்டினார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு சல்மா கிளியர் கோட் அடித்தாள். தலையிலிருந்து வால்வரை கை நிற்காத ஒரே ஓட்டம், காயவிட்டு இன்னொரு ஓட்டம். அதுவரை தூசி படிந்த மாதிரி இருந்த நீலம் ஈரம் பட்டதும் எரிந்தது. தவ்ஃபீக் மாஸ்க்குக்குள் என்னவோ சொன்னான், அவளுக்குக் கேட்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள், அது போதுமாக இருந்தது.

லாட்ஜில் இறக்கியதும் பாண்டித்துரை மீனை ஒருமுறை முன்னாலிருந்து பார்த்தார், ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு நீ காட்டுன கலரு என்ன, இது என்ன? நான் மார்க்கெட்டுல பாத்த மீனு இப்புடி இல்லையே. பழையபடி ஆக்கிக் குடுத்துரு."

"இனிமே ஆக்க முடியாதுண்ணே. மேல கிளியர் கோட் அடிச்சாச்சு." சல்மா மீனின் பக்கத்தில் போய் நின்றாள். "கேக்காம மாத்துனது என் தப்புத்தான். ஆனா நீங்க பாத்தது செத்த மீனுண்ணே. நானும் அதத்தான் பாத்தேன். இது இவுக கடல்ல பாத்தது."

பாண்டித்துரை தவ்ஃபீக்கின் பக்கம் திரும்பினார். வெளி ஆட்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன், சுவரைப் பார்த்துக்கொண்டு, தூண்டிலில் தொடங்கி வால் அணைவது வரை சொன்னான். லாட்ஜில் வேலைபார்க்கும் இரண்டு பேரும் துடைப்பத்தோடு வந்து நின்று கேட்டார்கள். அவன் முடித்தபோது பாண்டித்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி, மாட்டுங்க" என்றார். "வாரவுக என்ன மீனுன்னு கேட்டா உன் நம்பரக் குடுத்துருவேன் தம்பி. நீயே பதில் சொல்லிக்க."

திரும்பி வரும்போது குட்டியானை என்கிற மினிலாரியின் பின்தட்டில் காலியான சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பாம்பன் பாலத்தில் காற்று சல்மாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. சுவரில் ஏறிவிட்டது என்ற சந்தோஷத்தை அவளால் இன்னும் முழுதாக நம்பமுடியவில்லை. நாலு நாளில் தடைக்காலம் முடிகிறது, அவன் கடலுக்குப் போகிறான்.

"வேற என்னவெல்லாம் பாத்திருக்கீக மச்சான்?" என்று கேட்டாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். படகோடு கூடவே ஓடிவரும் ஓங்கில் எனும் டால்பின், ராத்திரியில் வலையை இழுத்தால் தண்ணீரில் வரும் பச்சை வெளிச்சம், மழைக்கு முன்னால் கடல் ஈயமாக மாறுவது. பாலம் முடியும்வரை நிறுத்தவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை போட அவளுக்கு இடமே கிடைக்கவில்லை, அவள் தேடவும் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த தடவ மயில்மீனு மாட்டுனா ஐஸ் அள்ளப் போகமாட்டேன்" என்றான். "நின்னு கடைசி மட்டும் பாக்கேன்."

வேண்டாம் மச்சான் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள்.

"பாருங்க" என்றாள். "பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. தனியாப் பாத்த மாதிரி இருக்காது."