முன்பலகை

ஒனேசிம் பிளைவுட் பலகைகளைத் தன் டிரக்கிலிருந்து இறக்கி, கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு காப்பி கேட்டான். வீட்டில் காப்பித்தூள் தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. இல்லை என்றேன். அவன் டிரக்குக்குப் போய்த் தன் பிளாஸ்கை எடுத்துவந்து, மூடியில் ஊற்றி எனக்கு நீட்டினான். தான் அப்படியே வாய் வைத்துக் குடித்தான். அவன் அஸெலியின் அண்ணன். அஸெலி என் மனைவி. ஏப்ரலில் இறந்துபோனாள்.

தோணி கேட்டது அவர்களுடைய அம்மா, யூலாலி அத்தை. தினமும் மதியம் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து என் அடுப்பில் வைத்துவிட்டு, அழுக்குத் துணிகளை மூட்டை கட்டி எடுத்துப்போவார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். மறுநாள் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். அன்று நண்டும் வெண்டைக்காயும் போட்ட கம்போ குழம்பு. அதை இறக்கி வைத்த கையோடு சொன்னார்.

"சகல புனிதர் நாளுக்குள்ள எனக்கு ஒரு தோணி வேணும், தியோ."

"ஒனேசிம் படகு இருக்கே அத்தை."

"அது படகா? தகர எருமை. வடகாத்து அடிச்சு தண்ணி வத்திச்சுன்னா சேத்துல படுத்துக்கும். மொத வருசம், எம்மக கல்லறைக்கு எங்கையால சுண்ணாம்பு அடிச்சாகணும். வெளுக்காத கல்லறையப் பாத்தா ஊரு என்ன சொல்லும்? நாதியத்தவன்னு சொல்லும்."

அத்தை வீட்டாரின் கல்லறைத் தோட்டம் சதுப்புக்கு நடுவே, சிப்பி மேட்டில், ஓக் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பாதை கிடையாது. ஏப்ரலில் தண்ணீர் நிறைந்திருந்ததால் சவப்பெட்டியை ஒனேசிமின் படகில் கொண்டுபோக முடிந்தது. சகல புனிதர் நாளான நவம்பர் முதல் தேதியில் தண்ணீர் இருக்குமா என்பது காற்றின் கையில். எங்களுடைய பழைய தோணியை முந்தைய ஆண்டுப் புயல் கொண்டுபோய்விட்டது.

"எனக்கு முட்டி மடங்காது. உக்கார்ற பலகைய உயரமா வை. சாஞ்சுக்க முதுகு வை. சுண்ணாம்பு வாளி கவுறக்கூடாது" என்றார் அத்தை. போகிற போக்கில் வாசலில் நின்று, "கம்போ ஆறிடும்" என்றார்.

நான் நில அளவை படித்தவன். ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குப் போனேன், அளந்தேன், வந்தேன். அளப்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை. தோணியையும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கப் பலகைகளை வெட்டி, நடுவில் ஒரு சட்டம் வைத்து, முனைகளைக் கயிற்றால் முறுக்கி இழுத்தேன். முதலில் பிளைவுட் முரண்டு பிடித்தது. ஈரத்துணி போர்த்தி வெந்நீர் ஊற்றியதும் மெல்ல வளைந்து கொடுத்தது. உயரமான பலகையில் ஆள் உட்கார்ந்தால் தோணி உருளப் பார்க்கும். அதனால் அடிப்பலகையை ஒரு கையகலம் கூடுதலாக வைத்தேன். விளிம்புக்குச் சைப்ரஸ் சட்டம் ஒட்டும்போது கவ்விகள் போதவில்லை. பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, வாய் பிளந்து கவ்வவிட்டேன். மூட்டுகளில் கண்ணாடி இழைத் துணியை ஒட்டும் இடத்துக்குக் கொடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த துணிக் கிளிப்புகளைக் கழற்றி வந்தேன். பசை இறுகும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. அப்படி இருந்த நேரங்களில் எனக்குப் பசித்தது. பாத்திரம் காலியானது. அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தார்.

வாளிக்காக நடுவில் ஒரு வளையம் வைத்தேன். மெழுகுவத்திகள் நனையாமலிருக்க ஒரு மூடிபோட்ட பெட்டி. சாய்மானத்தைக் கழற்றி மாட்டும்படி செய்தேன். ஒனேசிம் சுற்றி வந்து பார்த்தான்.

"மச்சான், இது தோணியா, முடிவெட்டுற கடை நாற்காலியா? ஒரு கண்ணாடி மட்டும் மாட்டிடு."

"அவன் மாட்டுவான். உன் மூஞ்சி அதுல தெரியக்கூடாதுன்னுதான் யோசிக்கிறான்" என்றார் அத்தை.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இருவரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள்.

சகல புனிதர் நாளுக்கு முன்பே வடகாற்று தொடங்கிவிட்டது. அன்று காலை ஒனேசிமின் படகு துறையில் சேற்றில் சாய்ந்து கிடந்தது. கால்வாயில் ஒரு முழம் தண்ணீர்கூட இல்லை. தோணிக்கு அது போதும். அதை இறக்கினோம். இலைபோல நின்றது. ஒனேசிம் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, அத்தை ஒரு கையால் வாளியையும் மறு கையால் அவன் தலைமுடியையும் பற்றிக்கொண்டு இறங்கி, முன்பலகையில் உட்கார்ந்தார். நான் பின்பலகையில் உட்கார்ந்தேன்.

முன்முனை அப்படியே குனிந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அத்தையின் செருப்பில் விழுந்தது.

எங்கள் ஊரில் தோணி செய்கிறேன் என்றால் எத்தனை அடி என்று யாரும் கேட்கமாட்டார்கள். யாருக்கு என்று கேட்பார்கள். ஆளை வைத்துத்தான் பலகை. மெல்லிய ஆள் நுனிப்பக்கம், கனத்த ஆள் நடுப்பக்கம். நான் யூலாலி அத்தைக்கு என்று சொல்லித்தான் செய்தேன். சாய்மானத்தைக்கூட அவர் முதுகுக்கு அளந்தேன். ஆனால் முன்பலகையை வைத்தபோது நாடாவைப் பிடித்து அளக்கவில்லை. கை தானாக ஓர் இடத்துக்குப் போனது, அங்கே பென்சிலால் கோடு போட்டேன். பழைய தோணியில் அஸெலியின் பலகை இருந்த இடம் அது. எத்தனையோ ஆண்டுகள் அவளுடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கிறேன். அவளுக்கு ஐம்பது கிலோ இருக்காது.

ஒனேசிம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை கையை நீட்டி, தன் பலகையிலிருந்து நுனிவரை எவ்வளவு இடமிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

"இது சின்னதுக்கு வச்ச எடம்" என்றார். "நான் இதுல உக்காந்தா முதலைக்குத்தான் ஆகும்."

"மன்னிச்சுக்குங்க அத்தை. இறங்குங்க. பலகைய மாத்தி..."

"எப்ப மாத்துவே? பசை காயறதுக்குள்ள திருநாள் போயிடும்."

ஒனேசிம் திடீரென்று, "ரெண்டு முனையும் ஒண்ணுதானே?" என்றான். "தோணிக்கு ஏது முன்னு பின்னு? எடம் மாறி, திரும்பி உக்காருங்க. அம்மா நடுப்பக்கம், மச்சான் நுனி. பின்முனை முன்ன போகட்டும்."

இடம் மாறினோம். அதற்குள் ஒனேசிம் சேற்றில் புதைந்து இடுப்புவரை நனைந்துவிட்டான். சாய்மானத்தை என் பலகைக்கு மாற்றி மாட்டினேன். அத்தை அதில் சாய்ந்தார். நான் அஸெலியின் பலகையில் உட்கார்ந்து துடுப்பைப் போட்டேன். தோணி மட்டமாக நின்றது, பிறகு நகர்ந்தது.

"போங்க, போங்க. எருமை இங்கயே மேயட்டும்" என்று ஒனேசிம் பின்னாலிருந்து கத்தினான்.

சிப்பி மேட்டில் எங்களுக்கு முன்பு யாரும் வந்திருக்கவில்லை. அத்தை கல்லறையின் தலைமாட்டில், அங்கே கிடந்த ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து சுண்ணாம்பு அடித்தார். நான் கேட்டும் மட்டையைத் தரவில்லை. கால்மாட்டுக்கு வந்ததும், குனிய முடியாமல், தானாகவே என்னிடம் நீட்டினார். மீதியை நான் அடித்தேன். அது ஈரத்தில் சாம்பல் நிறமாக இருந்தது, காய்ந்துகொண்டே வெளுத்தது. மெழுகுவத்தியைக் காற்றில் ஏற்ற முடியாமல், அத்தை தன் பாவாடையை விரித்து மறைத்துக்கொள்ள, அதற்குள் கையை விட்டுக் கொளுத்தினேன். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. பாத்திரங்களைப் பற்றி, துணி மூட்டைகளைப் பற்றி.

"அத்தை, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"வாளியக் கழுவு. சுண்ணாம்பு காஞ்சா போகாது" என்றார்.

கழுவினேன்.

மேட்டடியில் கால்வாய் தோணியின் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தது. திருப்ப இடமில்லை. நின்றபடியே, நான் உட்காரும் முனையை முன்னால் விட்டுத்தான் போக வேண்டும். சாய்மானத்தைத் திருப்பி மாட்டினேன். அத்தை ஏறி, இந்த முறை என்னைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். நான் ஏறியதும் கையை நீட்டினார்.

"துடுப்பக் குடு."

"நான் போடறேன் அத்தை."

"முன்ன இருக்கிறவன் எங்க ராசா வழி திருப்புவான்? முட்டிதான் போச்சு. தோள் நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு வயசுல இதே கால்வாய்ல நீரெலிக்குப் பொறி வைக்கத் தனியா வந்தவ நான். நீ சும்மா உக்காரு."

கொடுத்தேன். திரும்பி உட்கார்ந்தேன். அவர் ஓசையில்லாமல் துடுப்பை இழுத்தார், ஒவ்வோர் இழுப்புக்கும் தோணி மெல்ல மூச்சுவிட்டதுபோல ஏறி இறங்கியது. காற்று நின்றிருந்தது. நாணல் வேர்களைச் சுற்றித் தண்ணீர் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. என் கைகளில் ஒன்றுமில்லை. அவற்றை முழங்காலில் வைத்துக்கொண்டேன். நாணலுக்குள்ளிருந்து நீர்க்கோழிகள் ஓடி, தண்ணீரைக் காலால் கீறிக்கொண்டே எழுந்தன. எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. கால்வாய் வளையும் இடம்வரை எல்லாம் தெரிந்தது.