மேற்கெல்லைக் காணி

தீவகப் பெண் சட்டத்தரணிகள் சங்கத்தில் சேரும்படி சறோஜினிதேவி மடம் என்னைக் கேட்டபோது எனக்கு வந்த முதல் எண்ணம், இவருக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்பதுதான். அவர் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் முப்பது வருடமாக வழக்குப் பேசுகிறவர். நான் தொழிலுக்கு வந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் அவர் என்னோடு கதைத்தது நாலைந்து தடவை. அதிலும் ஒரு தடவை, மனுவில் திகதியைப் பிழையாகப் போட்டிருக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வதற்காக.

யார் எதைச் சொன்னாலும் ஏன் சொல்கிறார் என்று யோசிப்பது என் பிறவிக் குணம். பால்காரர் சும்மா சிரித்தாலும் நான் பாலில் தண்ணீரைத் தேடுவேன் என்று அம்மா சொல்லுவார். அதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொண்டதில்லை. சட்டம் படிக்கப் போனதே அந்தக் குணத்தை நம்பித்தான்.

"வினோஜா, நீர் காணி உறுதி எழுதுறதிலை கெட்டிக்காரி. எங்களுக்கு ஒரு கை குறையுது," என்றார் மடம். அவ்வளவுதான் விளக்கம்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மடம்தான் தலைவர், என்னோடு சேர்த்து ஏழு பேர். ஒரு வான் வண்டிக்குள் எல்லோரும் அடங்கிவிடுவோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை புங்குடுதீவில் ஒரு சனசமூக நிலையத்தில் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை. முதல்நாள் போய் இறங்கியபோது வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்து எனக்கு மூக்கில் வியர்த்தது. 'தையல் வகுப்பு' என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு தையல் மெசின்கள். செயலாளர் தர்சனா அக்கா கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கோட்டு போடுகிற அதே ஆள்தானா என்று சந்தேகப்படும்படி, சீத்தைத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாறு பெண்கள் துணிப்பையோடு வாங்கில் இருந்தார்கள். ஒவ்வொருத்தராகப் பின்னறைக்குப் போனார்கள். பைக்குள் துணி இருந்தது. துணிக்குள் உறுதி இருந்தது.

பின்னறையில் மடம் ஒரு கொப்பி வைத்திருந்தார். அதில் ஒருவருடைய பெயரும் இல்லை, இலக்கம் மட்டும். பெயரும் இலக்கமும் சேர்ந்திருக்கிற கடதாசி அவருடைய வீட்டு அலுமாரியில். திறப்பு அவருடைய கைப்பையில்.

"ஏன் மடம் இப்பிடி ஒளிச்சுச் செய்யிறியள்? நாங்கள் கள்ளச் சாராயமே விக்கிறம்?"

"லோயரிட்டைப் போனவ எண்டு தெரிஞ்சா, பின்னேரத்துக்கிடையிலை லண்டனுக்கும் கனடாவுக்கும் கதை போயிடும். தைக்கப் போனவ எண்டால் ஒருத்தரும் கேக்காயினம்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஒண்டைச் சொல்லிப்போட்டன். இஞ்சை வாற ஆளைப் பற்றி ஊரிலை ஒருத்தரிட்டையும் ஒண்டும் விசாரிக்கக்கூடாது. நல்லதுக்கும் கூடாது."

நல்ல விதிதான். ஆனால் அந்த விதியால், மடம் செய்வதையும் வேறு யாரும் விசாரிக்க முடியாது. தீவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கடற்கரைக் காணிக்கு ஹோட்டல்காரர்கள் அலைகிறார்கள். யாருடைய உறுதி எங்கே இருக்கிறது என்று முழுவதும் தெரிந்த ஒரேயொரு ஆள், பெயரைப் பூட்டி வைத்திருக்கிறார். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு, இவரில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குத்தான் நிலாந்தி வந்தார். நாற்பத்துமூன்று வயது. புருஷன் சுவிசுக்குப் போய்ப் பதினொரு வருடம். கடைசியாகக் கதைத்து நாலு வருடம். அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிலாந்தி மட்டும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நிலாந்தியின் சீதனக் காணியும் வீடும்தான் மிச்சம். அதை மகள் லக்சிகாவின் பெயருக்கு எழுதிவிட வேண்டும், அதுவும் கெதியாக. ஏனென்றால் புருஷனுடைய தம்பி நிமலன் அடுத்த வட்டாரத்தில் இருக்கிறான். 'அண்ணையின்ரை வீடு சும்மா கிடக்குது' என்று கடையடியில் சொல்லித் திரிகிறான்.

"சும்மா கிடக்கேல்லை மிஸ். நானும் பிள்ளையும் இருக்கிறம்," என்றார் நிலாந்தி. "எங்களை ஆள் கணக்கிலை எடுக்கேல்லை."

எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கலியாணம் முடித்த பெண் தன் சொந்தச் சீதனக் காணியை எழுதிக்கொடுக்கவும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுப் போய்விட்டான் என்று காட்டினால், சம்மதம் இல்லாமலே எழுதுவதற்கு நீதிமன்றம் அனுமதி தரலாம். நாலு வருடம் ஒரு சொல்லும் இல்லை என்பதுதான் நிலாந்தியின் கையிலிருந்த பலம்.

"மனுப் போடும்வரைக்கும் அவருக்கு ஒண்டும் தெரியவரக்கூடாது," என்றார் மடம். "ஒரு கோல் எடுத்து, பிள்ளைக்கு ஒரு பார்சல் அனுப்பினாலே காணும். நான் எங்கை கைவிட்டனான், குடும்பத்தோடை கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறன் எண்டு வந்து நிப்பார்." உறுதியின் பிரதியை என்னிடம் தந்து, மனுவுக்குக் காணி அட்டவணை எழுதச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை வேலணையில் மடத்தின் வீட்டுப் பக்கமாக ஸ்கூட்டரில் போனேன். வெளிவிறாந்தையில் துஷ்யந்தன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். மண்கும்பான் கடற்கரையில் பாதியை விற்றுக்கொடுத்த காணித் தரகன். பெண்களின் பெயர்க் கடதாசி இருக்கிற வீட்டில் காணித் தரகனுக்கு என்ன தேத்தண்ணி? அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த அப்பாவி நிலாந்தியை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மடத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்ற சந்தோஷமும் இருந்தது.

உறுதிப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் உறுதிகளில் காணிக்கு அடையாளமே அயலவர்தான். நிலாந்தியின் காணிக்கு வடக்கே ஒழுங்கை, தெற்கே கோயிற் காணி, கிழக்கே கதிர்காமு தம்பிராசா என்று எழுதியிருந்தது. தம்பிராசா தென்னிலங்கையில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர். தரகன் ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் பக்கத்துக் காணிக்காரருக்குத் தெரிந்திருக்கும். இலக்கத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். எல்லைக்காரரைக் கேட்டுப் பார்ப்பது உறுதி எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலை. நான் அதில் கெட்டிக்காரி என்று மடமே சொல்லியிருக்கிறார்.

"ஐயா, நான் ஒரு லோயர் கதைக்கிறன். உங்கடை காணியின்ரை மேற்கெல்லைப் பக்கம் காணியள் ஆரும் விலை கேட்டு வந்தவையோ?"

"மேற்கெல்லையோ? இல்லைப் பிள்ளை, ஒருத்தரும் வரேல்லை. ஏன்? நீர் ஆற்றை மகள்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். நிலாந்தியின் பெயரைச் சொல்லவில்லை. அதில் நான் மிகக் கவனமாக இருந்தேன். போனை வைத்துவிட்டு, விதியை மீறாமலே விசாரித்துவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த தையல் வகுப்புக்கு நிலாந்தி எல்லோருக்கும் முன்னரே வந்து வாசலில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"அவர் கோல் எடுத்தவர் மிஸ்," என்றார் பின்னறைக்குள் வந்ததும். "நாலு வருசத்துக்குப் பிறகு. 'நிலா, சாப்பிட்டியோ' எண்டு கேட்டார். பிள்ளை என்ன படிக்கிறாள், உனக்குக் கால்நோ சுகமோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். அடுத்த கிழமை பார்சலும் வந்திட்டுது. சொக்லேட், சோப்பு, மகளுக்கு ஒரு மணிக்கூடு." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே சொன்னார். "நேற்று நிமலன் வந்து, நான் கேக்காமலே முற்றம் கூட்டினவன். பிறகு கிணத்தடியிலை குளிச்சுப்போட்டுத் தன்ரை சாரத்தை எங்கடை கொடியிலை காயப்போட்டவன். எடு எண்டு சொன்னன். 'அண்ணைதான் வந்து நிக்கச் சொன்னவர்' எண்டான். சாரம் இப்பவும் அங்கைதான் கிடக்குது."

ஆத்திரத்தில் எழுந்து நின்றேன். சங்கத்தின் ஏழு பேரும் அங்கே இருந்தோம்.

"இந்த விசயம் தெரிஞ்ச ஆக்கள் இந்த அறைக்குள்ளைதான் இருக்கினம்," என்றேன். "மடம், போன மாதம் உங்கடை வீட்டிலை துஷ்யந்தன் தேத்தண்ணி குடிச்சதை நான் கண்டனான். காணித் தரகனுக்கு உங்கடை வீட்டிலை என்ன வேலை? பெயர் எழுதின கடதாசி ஏன் உங்கடை அலுமாரிக்குள்ளை மட்டும் இருக்குது?"

தர்சனா அக்காவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. மடம் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

"துஷ்யந்தன் தன்ரை தமக்கையைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவ உள்ளுக்கு இருந்தவ," என்றார். "அவ ஏன் வந்தவ எண்டு உமக்குச் சொல்லமாட்டன். நிலாந்தி ஏன் வந்தவ எண்டு அவவுக்கும் சொல்லேல்லை." பிறகு நிலாந்தியின் பக்கம் திரும்பினார். "உம்மடை மனுசனுக்கு ஆர் சொன்னதெண்டு ஏதும் வாய்விட்டவரோ?"

"ஓம். கோல் வைக்கிற நேரம் சிரிச்சுக்கொண்டு சொன்னவர். தம்பிராசா அண்ணையின்ரை மகனும் இவரும் அங்கை ஒரே இடத்திலை வேலை. ஆரோ ஒரு லோயர் பிள்ளை போன் எடுத்து, தங்கடை காணியின்ரை மேற்கெல்லையைப் பற்றித் தகப்பனிட்டைக் கேட்டதாம். 'மேற்கெல்லையிலை உன்னைத் தவிர வேறை ஆர் இருக்கினம் நிலா?' எண்டு கேட்டார்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தம்பிராசாவின் காணிக்கு மேற்கே இருப்பது ஒரேயொரு காணி. ஒவ்வொரு உறுதியிலும் அந்த ஊரார் ஒருவரை வைத்து ஒருவரை எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்துத்தான் நான் உழைத்துச் சாப்பிடுகிறேன். பெயரைச் சொல்லவில்லை என்று நினைத்தேன். பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

"நான்தான்," என்றேன்.

எல்லோரும் சேர்ந்து ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிலாந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. அது இப்படித் தோலை உரிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மடம் கொப்பியை மூடினார். "அந்தக் கோலும் பார்சலும் பாசத்திலை வரேல்லை, காணிக்கதை கேள்விப்பட்டுத்தான் வந்தது எண்டு நீதிபதிக்குக் காட்டவேணும். அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. இன்ன திகதி, இன்னாருக்கு நான் கோல் எடுத்தனான் எண்டு வினோஜா சத்தியக்கடதாசி முடிக்கவேணும். போன் பில்லையும் சேர்த்துக் குடுக்கவேணும். புருசன்காரன் கோல் எடுத்த திகதி அதுக்குப் பிறகுதானே. ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாக்கட்டும்." என்னைப் பார்த்தார். "கட்சிக்காரியின்ரை இரகசியத்தை வெளியிலை விட்ட லோயர் எண்டு திறந்த நீதிமன்றத்திலை உம்மடை பெயர் வாசிக்கப்படும். முறைப்பாடும் வரலாம். வற்புறுத்தமாட்டன்."

"எழுதிறன்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தபோது அம்மா வேலணைச் சந்தியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர். இந்தச் செய்திக்கு ஊரில் ஒருவரும் லட்டு எதிர்பார்க்கமாட்டார்கள். அன்று பின்னேரமே எழுதினேன். இரண்டு பக்கம். எழுதியதை நிலாந்தியிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இரண்டு தரம் வாசித்தார்.

"இதை நான் கொண்டுபோறன்," என்றார். "யாழ்ப்பாணத்திலை வேறை ஒரு லோயரிட்டைக் காட்டிப்போட்டுத்தான் நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்."

"சறோஜினி மடம் பார்த்துத்தானே—"

"அவவும் உங்கடை சங்கம்தானே மிஸ்."

மடம் தலையை ஆட்டினார். "கொண்டுபோய்க் காட்டும். அதுதான் புத்தி."

செவ்வாய்க்கிழமை காலை ஊர்காவற்றுறை நீதிமன்ற வளவில், வேம்புக்குக் கீழே நிலாந்தி எனக்காகக் காத்திருந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள். நிமலனின் சாரத்தை மகளே கொடியிலிருந்து எடுத்து ஒழுங்கையில் போட்டுவிட்டாளாம். அவன் சாமான்களையும் எடுத்துக்கொண்டு குடியிருக்க வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இனிமேல் நாள் கடத்த ஏலாது. தர்சனா அக்கா சத்தியப்பிரமாண ஆணையாளர். முத்திரையோடு தயாராக நின்றார்.

நிலாந்தி கடதாசியை விரித்து ஒரு சொல்லைக் காட்டினார். "எல்லாம் சரியெண்டு அந்த லோயர் சொன்னவர். இதை மட்டும் எனக்கு ஏத்துக்கொள்ள ஏலாது."

'தவறுதலாக' என்று நான் எழுதியிருந்தேன். தம்பிராசா அவர்களுக்குத் தவறுதலாகத் தொலைபேசி அழைப்பை ஏற்படுத்தினேன்.

"தவறுதலா எடுக்கேல்லையே மிஸ். எடுக்கவேணும் எண்டுதானே எடுத்தனீங்கள். ஏன் எடுத்தனீங்கள் எண்டு எழுதுங்கோ."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு பக்கமும் என்னையே வெட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு சொல்லை விடக்கூடாதா? பிறகுதான் யோசித்தேன். அந்த ஒரு சொல்லை எழுத நான் எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அதற்குள்தான் நான் ஒளிந்திருந்தேன். நிலாந்தி அங்கேயே விரலை வைத்திருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது.

சொல்லை வெட்டினேன். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். வெட்டிய இடத்துக்கு மேலே, எங்கள் சங்கத் தலைவர் கட்சிக்காரரின் காணியை விற்க முயல்கிறார் என்று நான் ஆதாரமில்லாமல் சந்தேகப்பட்ட காரணத்தால், என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற மடம் அதை வாசித்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இதிலை எழுதியிருக்கிறதெல்லாம் உண்மையெண்டு உறுதியாச் சொல்லுறீரோ?" என்று தர்சனா அக்கா முறைப்படி கேட்டார்.

"ஓம்," என்றேன். கையெழுத்து வைத்தேன்.

நிலாந்தி நன்றி சொல்லவில்லை. மை காயும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் படம் பிடித்தார். தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கையெழுத்தை மட்டும் இன்னொரு தடவை பிடித்தார்.

"கோவிக்காதேங்கோ மிஸ்," என்றார். "ஒரு கொப்பி என்னட்டையும் இருக்கவேணும்."