நிமிர்த்தி வரைந்த கம்பங்கள்

கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகக் கொத்தனார்களுக்கு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு விற்கிறவன் நான். சாய்ந்ததைச் சாய்ந்ததாக விட்டுவிட என்னால் ஆகாது.

மகள் ஜினி, மலைமேல் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கரித்துண்டால் இயற்கைக் காட்சி வரைந்து பழகுகிறேன் என்று, சனிக்கிழமைதோறும் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று போட்டோ எடுத்து அனுப்புவாள். வீட்டுக்குப் பின்னால் ஏறும் அதே சரிவு, அதே மூன்று மின்கம்பங்கள். மழையும் மேகமும்தான் மாறும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தால்தானே கை பழகும்.

அந்த ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்து, நிழலை விரலால் தேய்த்தேன். கம்பங்கள் மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. "போனைக்கூட நேரா பிடிக்கத் தெரியாது இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே, ஸ்கேல் வைத்து நிமிர்த்தி வரைந்தேன்.

கடைசியில் ஓரத்து ஜன்னல் சட்டத்துக்கு வந்தேன். போட்டோவில் அது நேராக நின்றது.

ஐயோ! போன் சாய்ந்திருந்தால் சட்டமும் சாய்ந்திருக்குமே. கோணல் போனில் இல்லை. மலைதான் நகர்கிறது.

கரிக்கையோடு ஜினியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறாள் போல. எடுடி, எடுத்துத் தொலையேன்டி! சத்தம் கேட்டு என் மனைவி சுசீலாபாய் வந்தாள். "என்ன இது, மூஞ்சியெல்லாம் கரி" என்று முந்தானையால் துடைக்க வந்தாள்.

ஆறாவது தடவை எடுத்தாள்.

"என்னப்பா? இப்பதான் கண்ணசந்தேன்."

"மக்ளே, எந்திரி. வெளிய எறங்கு. பக்கத்து ரூம் சிஜியையும் எழுப்பு."

"என்ன காரியம்?"

"கம்பமெல்லாம் சாஞ்சிருக்கு. பொறத்தால மண்ணு எறங்குது."

"போட்டோவப் பாத்தா சொல்லுதீங்க? அப்பாவுக்கு வட்டு புடிச்சிருக்கா?"

"பைத்தியம் புடிச்சதாவே இருக்கட்டும். ஒன் கால்ல விழுதேன், எறங்கு மக்ளே!"

என்னையறியாமல் அழுதுவிட்டேன். சுசீலாபாய் போனைப் பிடுங்கி, "அப்பா அழுதுக்கிட்டு நிக்காரு ஜினி. சொன்னதக் கேளு" என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

இரண்டு மணி நேரம். ரேஞ்ச் இல்லை, ரேஞ்ச் இல்லை என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. சுசீலாபாய் ஜெபம் பண்ணினாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

பிறகு ஒரு போட்டோ வந்தது. ரோட்டிலிருந்து எடுத்தது. முழுக்கச் செம்மண். அந்த ஜன்னல் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. பின்னாலேயே ஜினி கூப்பிட்டாள்.

"எல்லாரும் ஜங்ஷன்ல நிக்கோம்ப்பா. கதவு கதவாத் தட்டி எறக்கிட்டோம். உள்ள ஒருத்தரும் இல்ல. எங்க ஒருத்தர் கண்ணுலயும் படலியே. ஒங்களுக்கு மட்டும் எப்படிப்பா தெரிஞ்சுது?"

"பொறவு சொல்லுதேன் மக்ளே" என்றேன். போனை வைத்துவிட்டு, போன மூன்று வாரப் போட்டோக்களை எடுத்து ஜன்னல் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் கம்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்திருந்தன. என் நோட்டில் மூன்று வாரமும் அவை நேராக நின்றன.

சுசீலாபாயிடம் இதை இன்னும் சொல்லவில்லை.