வேட்பாளரின் டாக்டர்

வால்டர் ஹேய்ஸின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் சவரிராஜ், வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். இதய வால்வு மிகவும் சுருங்கியிருந்தது. இனியும் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். ஹேய்ஸ் சட்டைப் பொத்தான்களைப் போட்டபடியே, தேர்தல் முடியட்டும் என்றார். டாலஸுக்கு வடக்கே உள்ள அந்த ஊரின் நகரசபை உறுப்பினர் அவர். இப்போது மேயர் பதவிக்கு நிற்கிறார். அங்குள்ள இந்துக் கோயில்காரர்கள் கட்ட நினைக்கும் மண்டபத்தை வரவிடமாட்டேன் என்பதுதான் அவருடைய பிரசாரமே.

"யூ ஆர் எ கேத்தலிக், டாக். யூ ஆர் ஒன் ஆஃப் அஸ்," என்றார் கிளம்பும்போது. சனிக்கிழமைக் கூட்டத்தில் மேடையேறிப் பக்கத்தில் நின்றால் போதுமாம். பேசக்கூட வேண்டாமாம்.

தன்னால் முடியாது என்றார் சவரிராஜ். ஆபரேஷனைப் பற்றி இன்னொரு முறை சொன்னார். ஹேய்ஸ் சிரித்துவிட்டுப் போனார்.

சில வாரங்களாகவே காரில் ட்யூடர் மன்னர்கள் கால இங்கிலாந்தின் வரலாற்றை ஒலிநூலாகக் கேட்டுவந்தார் சவரிராஜ். அன்றைக்கு ஓடியது, புராட்டஸ்டன்ட் அரசவையில் பிழைத்த கத்தோலிக்க மருத்துவர்களைப் பற்றிய பகுதி. பிரபுக்களின் நாடியைப் பிடித்தவர்களிடம் எல்லாத் தரப்பும் ஒன்றைத்தான் துருவியிருக்கும் என்று தோன்றியது: ஆள் தேறுவாரா, மாட்டாரா? ஃப்ரீவேயில் தனக்குரிய எக்ஸிட்டைத் தவறவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியபோது, டிரைவ்வேயில் சேனாபதி நின்றிருந்தார். அதே தெருக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர்.

"ஹேய்ஸுக்கு ஹார்ட்ல பெரிய ப்ராப்ளமாமே டாக்டர்? உங்க க்ளினிக் வாசல்ல அவர் ட்ரக்கைப் பாத்தவங்க இருக்காங்க."

"யார் என்கிட்ட வர்றாங்கன்னு நான் சொல்ல முடியாது சேனாபதி."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். அப்படியெல்லாம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

சவரிராஜ் பேசாமல் நின்றார். தன் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற கவலை வந்தது. "யாரைப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். உங்களைப் பத்தி வந்து கேட்டாலும்."

சேனாபதி கார் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "கடைசில நீங்களும் அவங்க ஆளுதான், இல்ல?"

வியாழன் மாலை நகரசபையில் மண்டபத்தைப் பற்றிய விசாரணை நடந்தது. யாரும் அழைக்காமலே சவரிராஜ் போய், பேசுவோர் பட்டியலில் பெயர் எழுதிக்கொடுத்தார். முன்வரிசையில் இருந்த சேனாபதி அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் சவரிராஜ் மைக் முன்னால் போய் நின்றார். தான் கத்தோலிக்கன் என்றும், இந்த ஊரில் தன் சர்ச் கட்டியபோதும் இதே பார்க்கிங் நெரிசலைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். மேடையிலிருந்த ஹேய்ஸின் முகம் இறுகியது.

பிறகு அந்த முகம் வேறுமாதிரி ஆனது. நெற்றி வியர்த்து, உதடு வெளுத்தது. கை டையின் முடிச்சைத் தேடித் தடவியது. பக்கத்தில் இருந்தவர்கள் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்; அங்கே அதைக் கண்டவர் சவரிராஜ் ஒருவர்தான். இப்போது ஓடினால், ஹேய்ஸ் தன் நோயாளி என்பது இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தார். காவலர் மறிக்க வந்தார். காவலரின் கையை விலக்கிக்கொண்டு ஓடினார் சவரிராஜ். ஹேய்ஸைத் தரையில் கிடத்திக் கழுத்தில் விரல் வைத்தார். அரங்கம் முழுதும் எழுந்து நின்றது. ஆளில்லாத மைக்குக்கு மேலே, பேசுபவருக்கு மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.